புது மீன் தொட்டியில் ஏதோ கோளாறு: அறிகுறியைப் பிடித்துக் காரணத்தைத் தேட

தொட்டி வைத்து, நீர் நிரப்பி, மீனும் விட்டாயிற்று. இரண்டு மூன்று நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நீர் கலங்குகிறது, அல்லது ஒரு மீன் மூலையில் ஒதுங்குகிறது, அல்லது காலையில் ஒன்று செத்து மிதக்கிறது. உடனே கை மருந்துக் குப்பியைத் தேடும். என்னைக் கேட்டால் அதுதான் கடைசி வேலை. புதுத் தொட்டித் தொல்லைகளில் பெரும்பங்கு நீரில் தொடங்குகிறது. மீனின் உடம்பில் நாம் பார்ப்பது அதன் விளைவைத்தான்.

அதனால் அறிகுறி எதுவானாலும் முதலில் நான்கைப் பாருங்கள்: வெப்பமானி காட்டும் அளவு, ஃபில்டரிலிருந்து நீர் வழக்கமான வேகத்தில் வருகிறதா, அம்மோனியா எவ்வளவு, நைட்ரைட் எவ்வளவு (இரண்டும் மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் விஷங்கள்). வெப்பமண்டல மீன்களில் பலவற்றுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் ஒத்துவரும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். அவற்றின் கடைசி விளைவான நைட்ரேட் 40 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 40 பங்குக்கு) கீழே இருந்தால் சரி, 20-க்குக் கீழே என்றால் இன்னும் நல்லது.

டெஸ்ட் கிட் இல்லாமல் இந்த வேலை நடக்காது. துளி விட்டுக் குலுக்கும் திரவக் கிட்டையே வாங்குங்கள். காகிதப் பட்டைகளில் பலவற்றில் அம்மோனியாவுக்குக் கட்டமே இருக்காது. சோதனைக் குழாயை நிற அட்டையின் வெள்ளைப் பகுதியில் ஒட்டிப் பிடித்து, பகல் வெளிச்சத்தில், சொன்ன நிமிடம் ஆனபிறகு பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழே பார்த்தால் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுபோலவே தெரியும். ஆபத்தான அம்மோனியா அளவையும் "ஒன்றுமில்லை" என்று படித்துவிடுவீர்கள். நைட்ரேட் சோதனையின் இரண்டாவது குப்பியில் மருந்து அடியில் படிந்துவிடும். அதை நன்றாகக் குலுக்காமல் விட்டால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும். குழாய் நீரையும் ஒருமுறை தனியாகச் சோதித்து எழுதி வையுங்கள். சில சமயம் குற்றவாளி அங்கேயே இருப்பான்.

நீர் கலங்கியிருக்கிறது

என்ன நிறம், எப்போது வந்தது என்ற இரண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நிரப்பிய அன்றே சாம்பல் நிறமாக இருந்தால் கற்களைச் சரியாகக் கழுவவில்லை என்று பொருள். தூசி ஓரிரு நாளில் படியும், மிச்சத்தை ஃபில்டர் பஞ்சு பிடித்துக்கொள்ளும்.

தெளிந்திருந்த நீர் சில நாள் கழித்து வெள்ளையாக மங்கினால் அது பாக்டீரியாப் பெருக்கம். நீரில் கரைந்திருக்கும் உணவுச் சத்தைத் தின்று அவை பெருகுகின்றன. பார்க்கத்தான் பயமாக இருக்கும், மீனுக்கு நேரடியாகக் கெடுதல் செய்யாது. ஆனால் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மொத்த நீரையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினால் இரண்டு நாள் தெளிவாக இருக்கும், மறுபடி மங்கும். உணவைக் குறைத்து, ஏர் ஸ்டோனை (காற்றுக் குமிழி விடும் கல்லை) ஓடவிட்டுப் பொறுத்திருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகத் தெளியும்.

பச்சைக் கலங்கல் என்றால் மிதக்கும் பாசி, அதற்குக் காரணம் அதிக வெளிச்சம். தொட்டி மேல் வெயில் படுகிறதா பாருங்கள். மூன்று நான்கு நாள் விளக்கை அணைத்துத் துணியால் மூடி வைத்தால் பெரும்பாலும் அடங்கும். செத்த பாசி அழுகும் என்பதால் பிறகு நீரில் ஒரு பகுதியை மாற்ற வேண்டும். தேநீர் நிறம் டிரிஃப்ட்வுட்டிலிருந்து (தொட்டியில் வைக்கும் அலங்காரக் கட்டையிலிருந்து) இறங்கும் டானின் என்ற சாயம். அதில் கெடுதல் எதுவும் இல்லை. நியான் டெட்ராவின் சொந்த ஊரான அமேசான் படுகையில் இப்படிப்பட்ட நீர் சாதாரணம். பிடிக்காவிட்டால் கட்டையைச் சில வாரம் ஊறவையுங்கள், அல்லது ஃபில்டருக்கென விற்கும் கரியை அதில் போடுங்கள்.

மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன

முதலில் விதிவிலக்குகள். ஃபைட்டர், கௌராமி போன்றவற்றுக்குக் காற்றையே நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு தலைக்குள் இருக்கிறது. அவை மேலே வந்து ஒரு மிடறு எடுத்துவிட்டுப் போவது வழக்கம். தரையில் மேயும் கோரி மீன் திடீரென்று அம்புபோல் மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டுத் திரும்பும், அதுவும் இயல்பே. நியான், கப்பி, பார்ப் எல்லாம் நீர்மட்டத்திலேயே தொங்கிக்கொண்டு செவுளை வேகமாக அடித்தால்தான் அபாயம்.

ஒரே ஒரு மீன் இப்படிச் செய்தால் அதன் செவுளில் ஏதோ நோய். எல்லாம் சேர்ந்து செய்தால் நீர்தான் காரணம், சந்தேகம் வேண்டாம். அடுத்து நேரத்தைக் கவனியுங்கள். விடிகாலையில் மட்டும் என்றால் ஆக்சிஜன் பற்றாக்குறை: செடிகள் இரவில் ஆக்சிஜனை வெளிவிடாமல் அவையும் சுவாசிக்கின்றன. வெயில் காலத்தில், அல்லது ஹீட்டர் அணையாமல் சிக்கிக்கொண்டபோது என்றால் சூடு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் சுமார் 7.6 மட்டுமே; மீனுக்கோ சூடு ஏற ஏறத் தேவை கூடும். நீர் மாற்றிய சற்று நேரத்திலேயே என்றால் குழாய் நீரில் கலந்திருக்கும் குளோரின். நாள் முழுக்க என்றால் அம்மோனியாவோ நைட்ரைட்டோ.

நைட்ரைட் தனி ரகம். அது மீனின் இரத்தத்தில் புகுந்து ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தியைக் கெடுத்துவிடும். நீரில் எவ்வளவு காற்று இருந்தாலும் மீன் திணறும். செவுள் மூடி தூக்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள்: நல்ல சிவப்பு இல்லாமல் பழுப்பாக இருந்தால் நைட்ரைட்டையே முதலில் சந்தேகியுங்கள். இதற்குச் சாதாரண உப்பு உதவும், ஏனென்றால் உப்பிலுள்ள குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கிறது. 10 லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் கரைத்து ஊற்றினாலே கணிசமான பாதுகாப்பு கிடைக்கும்.

எந்தக் காரணமானாலும் முதலுதவி ஒன்றுதான். குளோரின் நீக்கிய, அதே சூடுள்ள நீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்கள். நிலைமை மோசம் என்றால் பாதி. ஃபில்டர் நீர் மேற்பரப்பில் சலசலத்து விழும்படி திருப்பி வையுங்கள். ஏர் ஸ்டோனின் குமிழிகள்தான் ஆக்சிஜன் தருகின்றன என்று பலரும் நினைப்பதுண்டு. பெரும் வேலையைச் செய்வது அந்தக் குமிழிகள் கலக்கிவிடும் மேற்பரப்பு. கைவசம் வேறு எதுவும் இல்லையென்றால் கோப்பையால் நீரை அள்ளி மேலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள், அதுவும் பயன்தரும்.

விட்ட மீன் ஒவ்வொன்றாகச் சாகிறது

எப்போது சாகிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

வாங்கி வந்த ஓரிரு நாளில் என்றால் பயண அயர்ச்சி, அல்லது நீர் மாறிய அதிர்ச்சி. பையை மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்த 15-20 நிமிடம் போதும். பிஎச்சும் (நீரின் அமில-கார அளவு) கடினத்தன்மையும் (கரைந்துள்ள தாது உப்பின் அளவு) சமமாக இன்னும் நேரம் வேண்டும். உங்கள் நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் விட்டு அரை மணி நேரம் பழக்குங்கள். வெகுதூரம் வந்த பையை மட்டும் திறந்தபின் நீட்டிக்காதீர்கள். அதற்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்து கரியமிலவாயு வெளியேறியதும் பிஎச் ஏறி, அந்த அம்மோனியா விஷமாகும். பைநீரைத் தொட்டிக்குள் கொட்டவே வேண்டாம், வலையால் மீனை மட்டும் எடுங்கள்.

ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் ஒன்றொன்றாகப் போனால் தொட்டி இன்னும் பழுக்கவில்லை. மீன் செவுள் வழியாகவும் கழிவாகவும் அம்மோனியா விடுகிறது, மிஞ்சிய உணவும் அழுகி அதையே தருகிறது. ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது ஓரளவு சாது. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியா கிட்டத்தட்ட இல்லை. ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் அவை குடியேறிப் பெருக, சுமார் 26 டிகிரிச் சூட்டில் 4 முதல் 6 வாரம் ஆகும். முதலில் அம்மோனியா ஏறும். அது இறங்கும்போது நைட்ரைட் ஏறும். இந்த இரண்டாவது ஏற்றத்தில்தான் "அம்மோனியா பூஜ்யம் ஆகிவிட்டதே, அப்புறம் ஏன் சாகிறது" என்று குழம்புவார்கள்.

மீன் ஏற்கெனவே உள்ளே இருந்தால்: புது மீன் வாங்குவதை நிறுத்துங்கள். உணவு ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். தினமும் சோதியுங்கள். அம்மோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம்மைத் தொட்டால் அன்றே நீரில் ஒரு பகுதியை மாற்றுங்கள். நீர் மாற்றினால் பாக்டீரியா போய்விடும் என்று பயப்பட வேண்டாம். அவை பரப்புகளில் ஒட்டி வாழ்பவை, நீரில் மிதப்பவை மிகக் குறைவு. நோயில்லாத பழைய தொட்டி ஒன்று தெரிந்தவர் வீட்டில் இருந்தால், அதன் அழுக்கு ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டை ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் ஃபில்டரில் திணியுங்கள். குப்பியில் விற்கும் எந்தப் பாக்டீரியாத் திரவத்தையும் விட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

பிஎச் கூடினால் அம்மோனியா கொடியதாகும். அதே சூட்டில் பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் விஷ வடிவத்தின் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு ஆகிறது. ஒரே அம்மோனியா அளவில் ஒரு வீட்டு மீன் தாங்குவதும் இன்னொரு வீட்டு மீன் சாவதும் இதனால்தான். மறுபுறம், பிஎச் 6-க்குக் கீழே சரிந்தால் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுபோகும். ஆறு வாரம் தாண்டியும் அம்மோனியா இறங்காத தொட்டியில் இதையும் பாருங்கள்.

எல்லாம் நன்றாக இருந்து, நீர் மாற்றும்போதெல்லாம் சாவு நடந்தால் குழாய் நீரைச் சந்தேகியுங்கள். குளோரின் மட்டும் என்றால் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் வைத்தால் பறந்துவிடும். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் அப்படிப் பறக்காது. அதற்குக் குளோரின் நீக்கும் மருந்து வேண்டும். மருந்து அதை உடைக்கும்போது அம்மோனியா வெளிவரும் என்பதால், அம்மோனியாவையும் கட்டுப்படுத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

உடம்பில் வெள்ளை

உப்புக்கல் தூவியதுபோலத் தனித்தனிப் புள்ளிகள் உடம்பிலும் துடுப்பிலும் தெரிந்து, மீன் கற்களில் உரசிக்கொண்டு திரிந்தால் வெண்புள்ளி நோய். இக்தியோஃப்திரியஸ் என்ற ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. தின்று கொழுத்ததும் கீழே விழுந்து கூடு கட்டும், கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பிளந்து, குஞ்சுகள் நீந்தி வெளியே வரும். மருந்துக்கு மாட்டுவது அந்த நீந்தும் பருவம் மட்டும்தான். மருந்து போட்ட மறுநாளே புள்ளி மறைந்தது என்று நிறுத்துகிறவர்களுக்கு, அடுத்த வாரம் புள்ளி இரட்டிப்பாகத் திரும்பி வரும். கடைசிப் புள்ளி மறைந்த பின்னும் ஒரு வாரமாவது தொடருங்கள்.

சூட்டை ஒரு நாளுக்கு ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்றி, மீன் தாங்கும் என்றால் 29-30 வரை கொண்டுபோனால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகமாகும், சீக்கிரம் மாட்டும். ஏர் பம்பைக் கூட்டுங்கள். மருந்து போடும் நாட்களில் ஃபில்டரிலிருந்து கரியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது மருந்தை உறிஞ்சிவிடும். தாமிரம் கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொல்லும். கோரி, லோச் மாதிரி வழக்கமான செதில் இல்லாத மீன்கள் பல மருந்துகளைத் தாங்காது, குப்பியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

புள்ளியாக இல்லாமல் பஞ்சு ஒட்டியதுபோல் இருந்தால் பூஞ்சை; பெரும்பாலும் ஏற்கெனவே பட்ட காயத்தில் வரும். வாயைச் சுற்றி வெண்படலம் என்றால் அது பாக்டீரியாவாகவும் இருக்கலாம், வைத்தியம் வேறு.

துடுப்பு கிழிந்திருக்கிறது

ஓரம் வெட்டியதுபோல் இருந்து, உள்பகுதி தெளிவாக இருந்தால் கடி. கொஞ்ச நேரம் தள்ளி உட்கார்ந்து பாருங்கள், ஆள் மாட்டுவான். டைகர் பார்ப் இதற்குப் பேர்போனது. ஏஞ்சல், ஃபைட்டர், கப்பி என நீண்ட துடுப்புள்ளவற்றோடு அதைச் சேர்க்காதீர்கள். ஓரம் வெளுத்தோ சிவந்தோ, நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தால் துடுப்பழுகல். நீரைச் சுத்தமாக வைத்தாலே ஆரம்பநிலை அழுகல் நின்று துடுப்பு மறுபடி வளரும். அடிவரை போய்விட்டால்தான் மருந்து.

வெளிறி ஒளிந்துகொள்கிறது, சாப்பிடவில்லை

இரவில் திடீரென்று விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு "நியானின் நீலம் போய்விட்டது" என்று பதறுவார்கள். இருட்டில் அது நிறத்தை அடக்கிக்கொள்ளும், வெளிச்சம் வந்து சற்று நேரத்தில் திரும்பிவிடும். புது மீன் ஓரிரு நாள் சாப்பிடாததும் சாதாரணம். இரண்டு மூன்று நியானை மட்டும் வாங்கி விட்டிருந்தால் அவை பயந்துகொண்டேதான் இருக்கும், குறைந்தது 6 வேண்டும். ஒளிய இடம் இல்லாத தொட்டியில் மீன் அதிகம் ஒளியப் பார்க்கும். இரண்டு செடியும் ஒரு கட்டையும் வைத்தால் வெளியே வரும்.

வயிறு வீங்கியிருந்தால் பதற்றத்துக்கு முன் இனத்தைப் பாருங்கள். கப்பி, மோலி பெண் என்றால் பெரும்பாலும் கர்ப்பம். தொட்டியில் ஆணே இல்லாவிட்டாலும் குட்டி போடும். ஒரு சேர்க்கையின் விந்தை மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கும். செதில்கள் எல்லாம் விறைத்து வெளியே தூக்கிக்கொண்டிருந்தால் அது உள்ளுறுப்புகள் கெட்டதன் அடையாளம், பிழைப்பது அரிது. அந்த மீனைத் தனியாக எடுத்து வையுங்கள்.

பாசி, படலம், நத்தை

புதுத் தொட்டிக் கண்ணாடியில் பழுப்புப் பொடி படிவது டயட்டம் என்ற நுண்பாசி. துடைத்தால் போகும், சில வாரங்களில் வரத்தும் நின்றுவிடும். பச்சைப் பாசிக்கு விளக்கு எரியும் நேரத்தை நாளுக்கு 6-8 மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். கை மறந்துபோகும், டைமர் மறக்காது. பாசி தின்னட்டும் என்று சக்கர் மீன் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை: சாதாரணமாக விற்கும் வகை 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், அது போடும் கழிவே பாசிக்கு உரம். நீலப்பச்சை நிறத்தில் போர்வைபோல் உரியும், நாற்றமடிக்கும் வழவழப்பு பாசி இல்லை, சயனோபாக்டீரியா. அதை உறிஞ்சி எடுத்துவிட்டு நீரோட்டம் இல்லாத மூலைகளைச் சரிசெய்யுங்கள்.

புதுக் கட்டையில் வெண்சளி வந்தால் விடுங்கள், தானே போகும். மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் என்றால் ஃபில்டர் வாயைச் சற்று மேலே திருப்புங்கள். நத்தை செடியோடு வந்தது. அது பெருகினால் நீங்கள் உணவை அதிகமாகப் போடுகிறீர்கள்.

செடிகள் கரைகின்றன

கிரிப்டோகோரைன் இடம் மாறினாலே இலைகள் கரைந்துவிடும். வேரைப் பிடுங்காமல் விட்டால் சில வாரத்தில் துளிர்க்கும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் என்றால் அதன் தடித்த தண்டைக் கல்லுக்குள் புதைத்திருப்பீர்கள்; அது அழுகும். கட்டையில் நூலால் கட்டுங்கள்.

கருவிகள்

ஃபில்டர் கடகடக்கிறதா? நீர் மாற்றியபின் என்றால் உள்ளே காற்று சிக்கியிருக்கும், அணைத்துச் சற்றே சாய்த்தால் குமிழி விட்டுச் சரியாகும். போகாவிட்டால் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு மோட்டார் மூடியைத் திறந்து, காந்தம் பொருத்திய சின்ன விசிறியை இழுத்து எடுங்கள். அதன் குழிக்குள் பழுப்புச் சளி, ஒரு மணல் துகள், அல்லது குட்டி நத்தையின் ஓடு இருக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து மாட்டினால் சத்தம் அடங்கும். ஓட்டம் குறைந்தால் பஞ்சு அடைத்திருக்கிறது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே பிழியுங்கள். குளோரின் உள்ள குழாய் நீரில் கழுவினால் வாரக்கணக்கில் வளர்த்த பாக்டீரியாவை ஒரே நிமிடத்தில் கொன்றுவிடலாம். சோப்பைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். மின்சாரம் பல மணி நேரம் போயிருந்தால், மூடிய ஃபில்டருக்குள் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

ஹீட்டர் எரிகிறது, சூடு ஏறவில்லை என்றால் வாட் போதவில்லை. லிட்டருக்கு சுமார் 1 வாட் என்பது நடைமுறைக் கணக்கு, குளிர்ந்த அறைக்கு இன்னும் கூடுதல் வேண்டும். ஹீட்டரில் உள்ள எண்ணை நம்பாமல் தனி வெப்பமானியை நம்புங்கள். நீர் மாற்றும் முன் ஹீட்டரை அணைத்து 15 நிமிடமாவது ஆறவிடாவிட்டால் கண்ணாடி வெடிக்கும். ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் மின்சாரம் போனதும் நீர் குழாய் வழியே பம்புக்குள் இறங்கும். ஒருவழி வால்வு மாட்டுங்கள். மின்கம்பி எல்லாம் பிளக்குக்குக் கீழே ஒருமுறை தொங்கி வளைந்து மேலே போகட்டும், வழியும் துளி பிளக்குக்குள் போகாமல் அந்த வளைவில் சொட்டிவிடும்.

எண்ணிக்கை குறைகிறது, உடலும் இல்லை

தொட்டிக்குப் பின்னால் தரையில் தேடுங்கள், மூடி இல்லாத தொட்டியிலிருந்து மீன் குதிக்கும். ஃபில்டர் உறிஞ்சு வாயையும் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் யாரோ தின்றிருக்கிறார்கள்: வளர்ந்த ஏஞ்சல், வாய்க்குள் அடங்கும் நியானை விடாது. செத்த சிறுமீனை மற்றவை ஓரிரவில் சுத்தமாக்கிவிடுவதும் உண்டு, அதனால் அம்மோனியாவையும் பார்த்துவிடுங்கள்.

தொட்டிக்குக் கீழே ஈரம்

கண்ணாடி வேர்த்திருக்கலாம், மூடியிலிருந்து வழிந்திருக்கலாம், ஃபில்டர் குழாய் இணைப்பு கசியலாம். துடைத்துவிட்டு நான்கு மூலைகளிலும் காகிதத் துண்டு வையுங்கள், நீர்மட்டத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். ஒரே மூலைக் காகிதம் மட்டும் திரும்பத் திரும்ப நனைந்தால் சிலிக்கான் விட்டிருக்கிறது. 60 × 30 × 30 சென்டிமீட்டர் தொட்டியில் நீர் மட்டுமே 54 கிலோ. பலகை சமமாக இல்லாவிட்டால் அந்த எடை ஒரு மூலையில் போய் அழுத்தும். கசிவு உறுதியானால் மீனையும் ஃபில்டரையும் ஒரு வாளிக்கு மாற்றி, ஃபில்டரை ஓடவிடுங்கள். தொட்டியைக் காலி செய்து, உள்பக்க இணைப்பில் பழைய சிலிக்கானை முழுவதும் சுரண்டி எடுங்கள்; அதன் மேல் புதியது சரியாக ஒட்டாது. பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத, மீன் தொட்டிக்கென்றே விற்கும் சிலிக்கானைப் பூசி, அட்டையில் சொன்ன நேரம் முழுக்கக் காயவிட்டு, வெறும் நீரில் ஒரு நாள் நிரப்பிவைத்துப் பார்த்தபிறகே மீனைத் திருப்பி விடுங்கள்.